ஞானக் கண்ணுக்குத் தெரியாத குழி

நகை காணாமற் போயிற்று. பெட்டி திறந்து கிடக்கிறது, பூட்டு உடைபடவில்லை. வீட்டுக்காரி தலையிலடித்துக் கொள்கிறாள். வீட்டுக்காரர் திண்ணையிலே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார். ஊர் கூடுகிறது. "போலீசிலே எழுதி வைக்கலாமா?" என்கிறது ஒரு குரல். "அங்கே போய் அலைவானேன்! மை போட்டுப் பார்த்தால் ஒரு நாழிகையில் தெரிந்துவிடும்!" என்கின்றன ஒன்பது குரல்கள்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலே, சங்கராபுரம் பக்கத்திலும் சின்னசேலம் பக்கத்திலும், கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலையேறும் வழியிலுள்ள சிற்றூர்களிலும், இந்த ஒன்பது குரலைக் கேளாத தோழர் உண்டா? மற்ற மாவட்டத்துத் தோழர்கள் சிரிக்க வேண்டா. அவரவர் ஊரிலும் இதே ஒன்பது குரல்தான். மை தடவும் வெற்றிலைதான் வேறு கொடிக்காலிலிருந்து வருகிறது.

அந்த வித்தையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். விளக்குப் புகையைப் பிடித்துக் கரியாக்கி, விளக்கெண்ணெயிலே குழைத்து, வெற்றிலையிலோ ஒரு சிறுவனின் உள்ளங்கையிலோ பளபளக்கத் தடவுகிறார் மைக்காரர். இருட்டறை, ஒற்றை விளக்கு, சாம்பிராணிப் புகை. "உற்றுப் பார்!" என்கிறார். பளபளக்கும் கரிய பரப்பிலே விளக்கொளி ஆடுகிறது. நோக்கிய கண் களைக்கிறது. களைத்த கண்ணுக்கு நிழல் உருவமாகிறது. "ஆள் தெரிகிறதா?" "தெரிகிறது." "ஆணா, பெண்ணா?" "ஆண்." "நெட்டையா, குட்டையா?" "நெட்டை." "வேட்டியா, கைலியா?" "கைலி." இரண்டிலே ஒன்றைச் சொல் என்று பெரியவர்கள் சூழ நின்று கேட்டால் எந்தப் பிள்ளைதான் சொல்லாது? கேள்வி கேட்பவரே படத்தை வரைகிறார். பையன் கோடுகளுக்கு ஆமாம் போடுகிறான்.

அதற்கு முன்பே, வெற்றிலை பாக்கு வைத்த அப்போதே, வீட்டுக்காரி தன் சந்தேகத்தை எல்லாம் கொட்டிவிட்டாள். யார் வந்து போனார்கள், யாருடன் வாய்த்தகராறு, யார் கடன் கேட்டுக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்பதெல்லாம் மைக்காரர் காதிலே ஏறிவிட்டது. அவர் செய்வது என்ன? கொடுத்த சந்தேகத்தையே மெருகு போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். நடுவிலே கைமாறுவது தட்சிணை ஒன்றுதான்! சற்று எச்சரிக்கையான ஆசாமியாக இருந்தால் பெயரைச் சொல்லவும் மாட்டார். "கிழக்கேயிருந்து வருகிறவன், வாசற்படி பழகினவன், பெயரிலே 'ம' இருக்கிறது" என்று நிறுத்திக்கொள்வார். முருகன், முனியன், மாரி, மணி, பெருமாள், ராமன்! தமிழ்நாட்டிலே 'ம' இல்லாமல் பெயர் வைத்துக்கொண்டு தப்பித்தவர் எத்தனை பேர்?

இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பெயர் சொல்லப்பட்ட பிறகு நடப்பது நகைக்கத்தக்கதன்று. அந்த வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிறவள் நிறுத்தப்படுகிறாள். ஆடு மேய்க்கும் பையன் மரத்திலே கட்டப்படுகிறான். ஊசி பாசி விற்க வந்த குறவன் துரத்தப்படுகிறான். "அரிசியை மெல்லு! வாய் உலர்ந்தால் நீதான் கள்வன்!" என்று மந்திரித்த அரிசியை வாயிலே திணிக்கும் பழக்கமும் நம் நாட்டிலே இருந்தது. அச்சத்திலே எச்சில் வற்றும் என்பது மெய்தான். ஆனால் அச்சம் கள்வனுக்கு மட்டுமா வரும்? நாற்பது பேர் சூழ நிற்க, நடுவிலே நிறுத்தப்பட்ட நிரபராதிக்கு வராதா? பழகிய கள்வன் நிதானமாக மென்று துப்பிவிட்டுப் போவான். ஏழைதான் வாயுலர்ந்து நிற்பான்.

நாம் ஒன்று கேட்கிறோம். மிராசுதார் மகன் முகம் மையிலே தெரிந்ததாக யாரேனும் கேட்டதுண்டா? வட்டிக்கடைக்காரர் முகம்? தர்மகர்த்தா முகம்? மைக்கு ஏது இந்த மரியாதை! எந்த முகத்தைக் காட்டினால் எதிர்க்கேள்வி எழாதோ, எந்த முதுகு அடிபட்டால் வழக்கு வராதோ, அந்த முகத்தையே அது காட்டுகிறது. துப்புத் துலக்குவதாகச் சொல்லிக்கொண்டு மைக்காரர் செய்வது தீர்ப்பு எழுதுவது. சாட்சி இல்லாத, விசாரணை இல்லாத, மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு!

சான்று கேளாத தீர்ப்பு என்ன செய்யும் என்பதைத் தமிழன் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி விழுந்தது ஊருக்குப் புதியவனான கோவலன்மீது. கொல்ல வந்த காவலர் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்குகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் எதைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கிறான்? கள்வருக்கு மந்திரம் துணை, தெய்வம் துணை, மருந்து துணை, நிமித்தம் துணை என்று அடுக்குகிறான்! கையிலே சான்று இல்லாதவன் மந்திரத்தைப் பேசுகிறான். தயங்கிய காவலரிலே ஒரு குடிவெறியனின் வாள் விழுகிறது. அடுத்து அவைக்கு வருகிறாள் கண்ணகி. அவள் குறி கேட்டாளா? மை போட்டாளா? உன் சிலம்பின் பரல் என்ன, என் சிலம்பின் பரல் என்ன என்று கேட்டாள். முத்து என்றான் மன்னன். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. தமிழ் இலக்கியத்திலே இதைவிடச் சிறந்த துப்பறிவு வேறு எங்கே இருக்கிறது? பத்தினித் தெய்வம் என்று சிலை வைத்தோரே, அவள் வென்றது ஒரு பொருட்சான்றினால் என்பதைச் சிலையின் பீடத்திலே ஏன் பொறிக்கவில்லை?

பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைக் கதை ஒன்று. கள்ளக்குறிச்சியும் விருத்தாசலமும் ஒரே தென்னார்க்காட்டிலே அடங்கியிருந்த 1993ஆம் ஆண்டிலே, ஒரு வீட்டிலே நகை காணாமற் போயிற்று. கம்மாபுரம் போலீசு குறவர் குலத்து உழைப்பாளி ஒருவரைப் பிடித்துச் சென்றது. சான்று? அவர் குறவர், அது போதாதா! நிலையத்திலே அடித்தே கொன்றார்கள். "தப்பி ஓடிவிட்டான்" என்று எழுதினார்கள். எழுத்தறியாத அவர் மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனுப் போட்டார். அடையாளம் தெரியாத பிணமென்று பக்கத்து மாவட்டத்துப் போலீசு எடுத்து வைத்திருந்த நிழற்படத்திலே அந்த மனிதரின் முகம் கிடைத்தது. ஓடிப் போனவர் பிணமாக அகப்பட்டார்! குற்றம் புரிந்த காவலர் தண்டிக்கப்பட்டனர். 2021இல் 'ஜெய்பீம்' திரைப்படமாக உலகமே பார்த்த கதை இது. இங்கே மை தடவிய வெற்றிலை இல்லை என்பீர்கள். உண்டு தோழர்களே! 1871இல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொரு மையைக் குழைத்துச் சில சாதிகளின் நெற்றியிலே தடவினான். சட்டம் போயிற்று, மை போகவில்லை. பார்த்த மாத்திரத்திலே கள்வனைத் தெரிந்துகொள்ளும் ஞானக்கண் காக்கிச் சட்டைக்கும் உண்டு.

எனவே, மைக்காரரிடம் ஓடுகிற ஏழையை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. ஏன் ஓடுகிறான்? கல்வராயன் மலைக்குச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலே கிடந்த அந்த மலை 1976இல்தான் அரசாங்கத்தின் நேர் ஆட்சிக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டு கழித்து! (அதே 1976இலே நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தம்தான் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமை என்று எழுதிற்று. அந்தத் தாள் வெள்ளிமலைக்கு ஏறி வர எத்தனை ஆண்டு ஆகுமோ!) சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் தேனும் பொறுக்கி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசாங்கம் என்பது நெடுங்காலம் என்னவாக வந்து நின்றது? வனக்காவலராக, மதுவிலக்குப் போலீசாக, வேட்டையாட வந்து நின்றது. களவு போனதைச் சொல்லப் போனால் கள்வனாகத் திரும்பி வர நேருமோ என்று அஞ்சுகிறவன், ஊர்க்கோடியிலே இருக்கும் மைக்காரரிடம் போகாமல் எங்கே போவான்? மை மலிவு, போலீசு நிலையத்தின் படிதான் உயரம்!

2024ஆம் ஆண்டு சூன் மாதத்தை எண்ணிப் பாருங்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலே வீட்டுக்கு வீடு ஒப்பாரி. வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல், சாவு. இது கள்ளச்சாராயத்தால் வந்த சாவு அன்று என்றே முதலில் அதிகாரிகள் கூறினர். அந்த வார்த்தையும் ஒரு குறிதானே! சோதனை செய்யாமலே சொன்ன குறி. பிறகு இரத்தமும் சாராயமும் ஆய்வகத்துக்குப் போயின. மெத்தனால் என்று விடை வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சந்தேகத்தின் விரல் வழக்கம்போலக் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது, போலீசுப் படை மலையேறிற்று, ஊறல்கள் கொட்டப்பட்டன. ஊறல் போட்டவரை நாம் புகழவில்லை. ஆனால் மெத்தனால் என்பது தொழிற்சாலைச் சரக்கு. வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு மலையிலே காய்ச்சுகிற பொருளன்று. அது பீப்பாயிலே வருவது, விலைச்சீட்டோடு வருவது, சமவெளிச் சாலையிலே வண்டியேறி வருவது. உயர்நீதிமன்றம் 2024 நவம்பரிலே வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிற்று. குறி மலையைக் காட்டியது. வேதியியல் பீப்பாயைக் காட்டியது. இரண்டிலே எதைப் பின்பற்றினால் கருணாபுரத்துத் தாய்மாருக்கு நியாயம் கிடைக்கும்?

"மைக்காரர் சில்லறைப் பேர்வழி, அவரை விடுங்கள். மெய்யான ஞானிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முக்காலமும் தெரியும்" என்று சொல்லி ஒரு கூட்டம் எழும். எழட்டும். மொத்த வியாபாரியையே பார்த்துவிடுவோம்.

இலங்கையிலே மாத்தளையில் 1951இல் பிறந்து, அங்கேயே சாமியாராகி, 1980களிலே தமிழ்நாட்டுக்கு வந்து, திருச்சிக்கும் விராலிமலைக்கும் இடையே பாத்திமா நகரிலே ஆசிரமம் கட்டியவர் பிரேமானந்தா. வெறுங்கையிலே விபூதி வரவழைப்பார். சிவராத்திரியிலே வாயிலிருந்து லிங்கம் கக்குவார். பார்த்தவர் பரவசமடைந்தனர், வெள்ளைக்காரச் சீடர்களும் வந்து குவிந்தனர். விபூதியைக் கஞ்சியிலே குழைத்து, உருட்டி, உலர்த்தி, கட்டைவிரல் இடுக்கிலே மறைத்துக்கொண்டால் எந்தக் கையிலும் வரும். சிறிய லிங்கம் வாயிலிருந்து வரவேண்டுமானால் முதலில் வாய்க்குள் போயிருக்க வேண்டும். முகம் துடைக்கும் துண்டு எதற்கு இருக்கிறது? இந்தத் தந்திரங்களை மேடைமேடையாகச் செய்து காட்டி விளக்கியவர் கோவைப் போத்தனூரிலே வாழ்ந்து 2009இல் மறைந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த். பெயர் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் ஏமாற்றினார், மற்றவர் ஏமாற்று வித்தையை ஊருக்குக் கற்பித்தார்!

பாத்திமா நகர் ஆசிரமத்திலே ஆதரவற்ற சிறுமியர் இருந்தனர். ஈழத்துப் போர்த்தீயிலிருந்து தப்பி வந்த தமிழ்ப் பெண்பிள்ளைகள். 1994இலே சிலர் அங்கிருந்து தப்பி வெளியே வந்து வாய் திறந்தனர். அப்போதுதான் உலகம் அறிந்தது, காவி மதிலுக்குள்ளே என்ன நடந்தது என்பதை. அந்த அக்கிரமத்தைக் கண்டித்த இலங்கைப் பொறியாளர் ஒருவர் கொல்லப்பட்டு, ஆசிரம வளாகத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்தார். போலீசு மண்வெட்டியோடு போயிற்று. குழி தோண்டப்பட்டது; உடல் எடுக்கப்பட்டது.

அந்தக் குழியின் ஓரத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். முக்காலமும் அறிந்தவர் என்று நம்பப்பட்டவர், அந்தக் குழிமீது ஒரு நாள் மண்வெட்டி விழும் என்பதை அறியவில்லையே! அதோடு போகட்டும். நாள்தோறும் அந்த ஆசிரமத்துக்குக் கண்ணீரோடு வந்து, "என் மகனைக் காணோம், எங்கே இருக்கிறான் சாமி?" "என் பொருள் போயிற்று, யார் எடுத்தார் சாமி?" என்று கேட்கும் கூட்டம் எந்தச் சாமியாரைச் சுற்றியும் உண்டல்லவா? காணாமற் போனவரைக் கண்டு சொல்பவராகக் கருதப்பட்டவரின் காலடி மண்ணுக்குள்ளேயே காணாமற் போனவர் ஒருவர் கிடந்தார். பக்தர்களின் ஞானக்கண்ணுக்கும் தெரியவில்லை. சாமியாருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் ஞானத்தாலன்று.

வழக்கு எப்படி வென்றது? கருக்கலைக்கப்பட்ட பெண்ணின் கருத்திசு ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக்குப் போயிற்று. லால்ஜி சிங் போன்ற அறிவியலாளர் வளர்த்த மரபணுச் சோதனை, தந்தை யார் என்பதைச் சொல்லிற்று. எதிர்த்தரப்பு ராம் ஜெத்மலானியை அழைத்தது. கடல் கடந்து மரபணு நிபுணரையும் வரவழைத்தது. கவனியுங்கள் தோழர்களே! வாயிலிருந்து லிங்கம் எடுத்தவருக்கு ஆபத்து வந்தபோது வக்கீல் தேவைப்பட்டார், நிபுணர் தேவைப்பட்டார், ஆய்வகத்தோடு வாதாட ஆய்வகமே தேவைப்பட்டது. விபூதி எதற்கும் உதவவில்லை. புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்திலே நீதிபதி ஆர். பானுமதி 1997ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் தீர்ப்பளித்தார்: பதின்மூன்று பெண்களைக் கற்பழித்தது, கொலை செய்தது ஆகிய குற்றங்களுக்காக இரட்டை ஆயுள் தண்டனை, 67 இலட்சம் ரூபாய்க்கு மேல் தண்டம். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது; 2005இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. கைதியாகவே 2011இல் சாமியார் இறந்தார். தப்பி வந்த சிறுமியரின் சொல்லும், குழியிலே கிடைத்த எலும்பும், ஆய்வகத்துக் கண்ணாடிக் குழலும் சேர்ந்து அவரை வீழ்த்தின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பிறந்து சாமியாரான அதே இலங்கைத் தீவிலே, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963இலே ஒரு சவால் விட்டார். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையிலே அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய்! காற்றிலே பறக்க வேண்டும் என்றுகூட அவர் வற்புறுத்தவில்லை. மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தால் போதும் என்பதும் அவர் பட்டியலிலே இருந்தது. 1978இல் கோவூர் இறக்கும்வரை அந்த இலட்சத்தை யாரும் வாங்கவில்லை. பக்தன் மடியிலுள்ள நோட்டை மட்டும் இந்த ஞானிகளால் எண்ண முடிகிறது. உறைக்குள் இருந்தால் கண் தெரிவதில்லை!

சாமியார் கூட்டம் ஒருபுறம் இருக்கட்டும். படித்த அதிகாரியே ஆவியிடம் துப்புக் கேட்டார் என்று செய்தி வந்தால் என்ன செய்வது? மகாராட்டிரத்திலே மூடநம்பிக்கை ஒழிப்புக்காக வாழ்ந்தவர் மருத்துவர் நரேந்திர தபோல்கர். 2013 ஆகத்து 20ஆம் நாள் காலை, புனே நகரத்துப் பாலமொன்றிலே உலாவிக்கொண்டிருந்தவரை, மோட்டார் சைக்கிளிலே வந்த இருவர் சுட்டுக் கொன்றனர். மாதங்கள் கடந்தன, புனே போலீசின் விசாரணை தடுமாறிற்று. உயர்நீதிமன்றம் வழக்கைப் பறித்து மத்தியப் புலனாய்வுக்குக் கொடுத்தது. 2014 சூலையிலே 'அவுட்லுக்' ஏடு ஒரு செய்தி வெளியிட்டது: கொலையாளி யார் என்று அறிய, பிளான்செட் பலகை வைத்து, தபோல்கரின் ஆவியையே அழைத்துக் கேட்டனர் போலீசார் என்று! அன்றைய காவல் ஆணையர் அதை மறுத்தார். மறுத்தார் என்பதையும் நாம் சேர்த்தே சொல்கிறோம்; சான்றில்லாமல் பெயர் சூட்டுவது மைக்காரர் தொழில், நம் தொழிலன்று. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாடு, "அப்படியும் இருக்குமா?" என்று வியந்ததைவிட, "இருந்தாலும் இருக்கும்" என்று தலையாட்டியதே அதிகம். அந்தத் தலையாட்டல்தான் நம் நெஞ்சைச் சுடுகிறது. ஆவி இல்லை என்று சொன்னதற்காகவே வாழ்ந்தவர் ஆவியாக வந்து வாக்குமூலம் கொடுப்பாராம்!

பிளான்செட் என்பது என்ன? எழுத்து எழுதிய பலகை. அதன்மீது நகரும் ஒரு சிறு துண்டு. துண்டின்மேல் நாலைந்து விரல். விரல்கள் தாமறியாமலே தள்ளும். மேசை தானாகச் சுற்றுகிறது என்று இலண்டன் சீமான்கள் மயங்கிக் கிடந்தபோது, 1853லேயே மைக்கேல் பாரடே சோதித்துக் காட்டினார்: சுற்றுவது ஆவியன்று, அமர்ந்திருப்போரின் கையே என்று. மின்னாக்கிக்கு வழிகாட்டிய அந்த மேதையின் மின்விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்திலே ஆவி அழைக்கிறார்கள்!

தபோல்கர் வழக்கிலே முடிச்சு எப்படி அவிழ்ந்தது? 2017இல் பெங்களூரிலே கௌரி லங்கேசு சுட்டுக் கொல்லப்பட்டார். கருநாடகத் தனிப்படை துப்பாக்கிக் குண்டையும் தோட்டா உறையையும் நுண்ணோக்கியிலே வைத்து, 2015இலே தார்வாடத்தில் கல்புர்கியைக் கொன்றதும் அதே கைத்துப்பாக்கி என்று கண்டது. நூல் பிடித்தாற்போல ஒரு கும்பல் வெளிப்பட்டது. 2018லே பிடிபட்ட சச்சின் அந்துரே, சரத் கலஸ்கர் இருவருக்கும் தபோல்கர் கொலைக்காக 2024 மே 10ஆம் நாள் புனே தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மற்ற மூவர் விடுவிக்கப்பட்டனர். திட்டம் தீட்டிய மூளை எது என்பது அந்தத் தீர்ப்பிலே வெளிவரவில்லை. அதையும் எந்த ஆவியும் சொல்லவில்லை.

மேல்நாட்டிலே போலீசாரே ஞானதிருஷ்டிக்காரரை அழைக்கிறார்களே என்று ஆங்கிலத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு வாதிடுவோர் உளர். 1966 சனவரி 26இலே ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கடற்கரையிலே மூன்று குழந்தைகள் காணாமற் போயினர். அதே ஆண்டு நவம்பரிலே ஆலந்து நாட்டு 'ஞானதிருஷ்டிக்காரர்' செரார்டு குரோசே வந்தார். ஒரு கிடங்கைச் சுட்டினார். மக்கள் பணம் திரட்டித் தளத்தை உடைத்துத் தோண்டினர். ஒன்றுமில்லை. 1996இல் மீண்டும் அங்கே தோண்டினர். அப்போதும் ஒன்றுமில்லை. பெற்றோர் இருவரும் விடை தெரியாமலே இறந்தனர். பொய் நம்பிக்கையைக் கொடுத்து, அதையும் பறிப்பது இரட்டைக் களவல்லவா? வெள்ளைத்தோல் மைக்காரரும் மைக்காரரே!

நம்மவர் எழுதிய துப்பறியும் கதைகள் இவர்களைவிட எவ்வளவோ மேல். வடுவூர் துரைசாமி ஐயங்கார் பகுத்தறிவு இயக்கத்தவர் அல்லர். அவருடைய 'திகம்பர சாமியார்' துப்பறியும் சாமியார்தான். 1950இலே சேலம் மாடர்ன் தியேட்டர்சு எடுத்த படத்திலே எம்.என். நம்பியார் அந்த வேடத்திலே தோன்றினார். அந்தச் சாமியார் கண்ணை மூடித் தியானத்திலே கள்வனைக் காணவில்லை. வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி அலைந்து கண்டுபிடித்தார். கதைச் சாமியாருக்கு இருந்த நேர்மை நிசச் சாமியாருக்கு இல்லை.

கள்ளக்குறிச்சித் தோழர்கள் என்ன செய்யலாம்? மைக்காரர் வீட்டு முன்னே முழக்கமிடுவதைவிடப் பயனுள்ள வேலை இருக்கிறது. களவு கொடுத்தவரோடு துணைக்கு ஒருவர் நிலையத்துக்குப் போக வேண்டும். புகாரை எழுதிக் கொடுங்கள், முதல் தகவல் அறிக்கையின் படியை விலையில்லாமல் பெறுவது புகார்தாரரின் உரிமை என்பதைச் சொல்லிக் கேளுங்கள், வாங்காமல் திரும்பாதீர்கள். மலையூர்க்காரர் என்றால் இருவராகப் போங்கள். அதைப்போலவே, மை பெயர் சொன்னது என்று யாரையேனும் ஊர் நடுவிலே நிறுத்தினால், முதலில் போய் அவர் பக்கத்திலே நில்லுங்கள். கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2024 சூலையிலே அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. வெற்றிலையிலே கண்டது கணக்கிலே இல்லை. கள்வன் என்று பொய்ப்பழி சுமத்துவது அவதூறு என்பதையும் உரக்கச் சொல்லுங்கள்.

தபோல்கர் பல்லாண்டு கேட்டும் கிடைக்காத மூடநம்பிக்கைத் தடைச் சட்டத்தை, அவர் இரத்தம் காய்வதற்குள் 2013 ஆகத்திலேயே அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது மகாராட்டிர அரசாங்கம். ஒரு சட்டத்துக்கு ஓர் உயிர் விலை! கருநாடகமும் 2017இலே சட்டம் இயற்றிற்று. அத்தகைய சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்று கேட்போம். யாரும் விலை கொடுக்க நேருமுன்னே கேட்போம்.

அதுவரை, கோவூரின் உறையை ஊர்தோறும் படிப்பகத்திலே தொங்கவிடலாம். உள்ளே ஒரு பத்து ரூபாய் நோட்டு. மேலே அரக்கு முத்திரை. எண்ணைச் சொல்பவர் அந்த மாதத்துச் சந்தா முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். மைக்காரருக்கும், குறிகாரருக்கும், ஊர்வலம் போகும் காவிக்காரருக்கும் அழைப்பு அனுப்புங்கள். வெற்றிலையும் மையும் படிப்பகத்துச் செலவு.